ரசமட்டத்துக்குக் கண் தெரியாமல் போன தேதி

ரசமட்டத்துக்குக் கண் தெரியாது என்பதை எங்கள் கட்டடத்தில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. ஒன்பது வருடம், தினமும் நாலு தடவை, அவர் ஓட்டிய லிஃப்டில் ஏறி இறங்கியவன் நான். வேலை என்னவோ நாலாவது மாடியில், வயதானவர்களுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் கை கால் முடியாதவர்களுக்கும் அரசு உதவித்தொகை கொடுக்கும் அலுவலகத்தில். மூன்றாவது மேஜை குமாஸ்தா. கண் தெரியாதவர்களைப் பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவன். எனக்கே தெரியவில்லை என்றால் வேறு யாரைக் குறை சொல்வது என்று என் மனைவியிடம் கேட்டேன். உங்களைத்தான் என்றாள்.

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. விண்ணப்பத்தில் பார்த்தபோதுதான் எனக்குத் தெரியும். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ரசமட்டம். தரை சரியாக இருக்கிறதா என்று கொத்தனார் வைத்துப் பார்ப்பாரே, அந்தக் கருவியின் பெயர். எங்கள் பழைய லிஃப்ட், பொத்தானை அமுக்கினால் தானாகப் போய் நிற்கும் ரகம் இல்லை. இரும்பு மடக்குக் கதவு, உள்ளே ஒரு பித்தளைக் கைப்பிடி. இந்தப் பக்கம் தள்ளினால் மேலே போகும், அந்தப் பக்கம் தள்ளினால் கீழே போகும், நடுவில் கொண்டுவந்தால் நிற்கும். எங்கே நிற்கும் என்பது ஓட்டுகிறவர் கையில். அவர் லீவு போட்ட நாட்களில் வேறு ஆள் ஓட்டினால், முழங்கால் உயரத்தில் நின்றுவிடும், நாங்கள் ஜன்னல் ஏறிக் குதிக்கிற திருடன் மாதிரி இறங்குவோம். ரசமட்டம் நிறுத்தினால் லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் ஒரே தரை. கோலிக்குண்டை உருட்டிவிட்டால் தட்டாமல் வெளியே போகும். நாங்கள் கீழே பார்ப்பதையே விட்டுவிட்டோம். பேச்சை நிறுத்தாமல் ஏறுவோம், ஃபைலைப் படித்துக்கொண்டே இறங்குவோம். "நாலாவது மாடி, பாத்து வாங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். யாரும் பார்த்ததில்லை.

இருபத்தொன்பது வயதில் இந்தக் கட்டடத்துக்குள் அவர் வந்தது ஒரு இரும்பு பீரோவைத் தூக்கிக்கொண்டு. அன்றைக்கு லிஃப்ட் ஓட்டுகிறவருக்குக் காய்ச்சல். பீரோ மூன்றாவது மாடிக்குப் போக வேண்டும். கூட வந்த சுமைகூலிகள் படியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது இவர் பீரோவோடு லிஃப்டுக்குள் நுழைந்து கைப்பிடியைத் தள்ளிவிட்டார். முதல் தடவையே மட்டமாக நிறுத்தினார். அதைப் பார்த்த எஞ்சினியர், பழைய ஆளுக்குக் காய்ச்சல் விடுகிறவரை நீயே ஓட்டு என்று தினக்கூலியில் வைத்தார். காய்ச்சல் விட்ட ஆள் வேறு வேலைக்குப் போய்விட்டார். ரசமட்டம் முப்பத்தோரு வருடம் தினக்கூலியாகவே ஓட்டினார். பதிவேட்டில் கடைசி நாள்வரை 'தற்காலிகம், காய்ச்சல் காரணமாக' என்றுதான் இருந்தது. ஆகையால் ஓய்வூதியம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

நாற்பத்தைந்து வயதில் கண்ணின் ஓரங்கள் இருட்ட ஆரம்பித்தன. "கதவு சாத்தற மாதிரி சார், ரெண்டு பக்கத்துலேருந்தும் மூடிக்கிட்டே வந்துச்சு" என்று பிறகு என்னிடம் சொன்னார். நாலு வருடத்தில் வெளிச்சம், இருட்டு இரண்டு மட்டும்தான் மிச்சம். பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து புருஷனும் பெண்டாட்டியும் யோசித்தார்களாம். வெளியே சொன்னால் வேலை போய்விடும். சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்து, பஸ் பிடித்து, மத்தியான ஷிஃப்டுக்கு வந்துவிட்டார்.

அவருடைய வீட்டம்மா அதே கட்டடத்தில் பெருக்கித் துடைக்கிற வேலை பார்த்தார். லிஃப்ட் ஓடும் இரும்புத் தண்டவாளத்தில் மாடிக்கொரு இணைப்பு இருக்கிறது. அதைத் தாண்டும்போது காலடியில் லேசாக ஒரு தட்டல். அதற்குப் பிறகு எத்தனை மூச்சு என்று ரசமட்டத்துக்குக் கணக்கு. இரண்டாவது மாடியில் கேன்டீன் வாசனை, மூன்றாவது மாடியில் டாக்டர் அறையின் மருந்து வாசனை. நாலாவது மாடியில் என்ன வாசனை என்று கேட்டேன். "ஈர ஃபைல் சார்" என்றார். ஆட்களைக் காலடியில் தெரியும். என் இடது செருப்பு முனகுமாம். எனக்கு அது தெரியாது.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கண் தெரிகிறது என்று காட்டிக்கொள்ள வேண்டுமே. அதற்கு அந்த அம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தார். காலையில் எல்லோரும் தரைத்தளத்தில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் லிஃப்டுக்கு வருவோம். அந்த இடைவெளியில் அவர் துடைப்பத்தோடு லிஃப்டைக் கடந்துபோகிற சாக்கில் முணுமுணுப்பார். "மேடம், நீலம். டாக்டரு முடி வெட்டியிருக்காரு." அவ்வளவுதான். மேடம் லிஃப்டுக்குள் வந்ததும் ரசமட்டம், "நீலம் உங்களுக்கு எடுப்பா இருக்கு மேடம்" என்பார்.

மேடம் எங்கள் அலுவலகத்தின் தலைமை அதிகாரி. சிரித்தால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்பதுபோல் முகத்தை வைத்திருப்பார். ஆனால் லிஃப்டிலிருந்து வெளியே வந்து தன் அறைக்குப் போகும் அந்தப் பத்தடி தூரம் மட்டும் அரைச் சிரிப்பு ஒன்று இருக்கும். லீவு கேட்கிறவர்கள் அந்தப் பத்தடியில்தான் கேட்போம்.

போன வருடம் புது லிஃப்ட் வந்தது. ஆள் தேவையில்லை. ரசமட்டத்தை அறுபது வயதில் வீட்டுக்கு அனுப்பினார்கள். முட்டி தேய்ந்து போய் வீட்டம்மா அதற்கு ஒரு மாதம் முன்புதான் வேலையை விட்டிருந்தார். பின்தெருவில் ஒற்றை அறை, வாடகை. வெளியூரில் கடை வைத்திருக்கும் மைத்துனன் ஆள் அனுப்பினான். அக்கா வரட்டும், கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது, ஆனால் கண் தெரியாத மாமாவை வைத்துப் பார்க்க எங்களால் ஆகாது, அவருக்கு ஏதாவது ஒரு இல்லத்தில் சொல்லி இடம் வாங்கித் தருகிறேன் என்று. முப்பத்தாறு வருடம் ஒன்றாக இருந்தவர்கள். உதவித்தொகை கிடைத்தால் அந்த ஒற்றை அறையில் சேர்ந்து இருக்கலாம், கிடைக்காவிட்டால் ஆளுக்கொரு ஊர்.

இரண்டு பேரும் எங்கள் அலுவலகத்துக்குப் படியேறி வந்தார்கள். புது லிஃப்டில் பொத்தானே இல்லை, வழவழவென்று ஒரு கண்ணாடிப் பலகை, அதில் ஒளிரும் எண்ணைத் தொட வேண்டும். கண் தெரியாதவர்களுக்கு உதவும் அலுவலகத்துக்குக் கண் தெரிந்தவர்கள் மட்டும் சுலபமாக வரலாம். கூட வந்த அம்மாளும் அதைத் தொட மாட்டேன் என்றுவிட்டார். தன் புருஷன் வேலையைப் பிடுங்கிய சாமான் என்று அதன்மேல் அவருக்குக் கோபம்.

விண்ணப்பத்தைப் பார்த்ததும் மேடம் சிரித்தார். முழுச் சிரிப்பு. நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"என்ன ரசமட்டம், விளையாடறீங்களா?"

"இல்ல மேடம். எனக்குக் கண்ணு தெரியாது."

"எப்பலேருந்து?"

"பதினோரு வருஷமா."

"போன வருஷம் என் புதுக் கைப்பை நல்லா இருக்குன்னு சொன்னீங்களே."

"அது நான் சொன்னது மேடம்" என்றார் வீட்டம்மா. பிறகு துடைப்பம், முணுமுணுப்பு எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். நல்ல பெண்மணி, ஆனால் எதை எங்கே சொல்வது என்று தெரியாது.

மேடத்தின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. "அப்ப என்னை நீங்க பாத்ததே இல்ல."

"பாத்திருக்கேன் மேடம். நீங்க வேலைக்குச் சேந்த புதுசுல" என்றார் ரசமட்டம், சமாதானப்படுத்துகிற எண்ணத்தில். "அப்ப ஒல்லியா இருந்தீங்க."

அன்றோடு விண்ணப்பத்தின் கதி மாறிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு மேடம் அதைப் படித்தார். எங்கள் விதிமுறையில் பதினாலாவது விதி என்று ஒன்று உண்டு. பார்வை போன பிறகும் பார்வை தேவைப்படும் வேலையை இடைவிடாமல் செய்தவர், பார்வை போகாதவராகக் கருதப்படுவார். லிஃப்ட் ஓட்டப் பார்வை தேவையா என்று லிஃப்ட் பிரிவுக்குக் கடிதம் போனது. மிகவும் தேவை, அதனால்தான் வருடாவருடம் கண் பரிசோதனைச் சான்றிதழ் வாங்குகிறோம் என்று பதில் வந்தது. கூடவே பதினோரு சான்றிதழ்களின் நகல். பதினொன்றிலும் 'பார்வை மிகத் தெளிவு' என்று மூன்றாவது மாடி டாக்டரின் கையெழுத்து.

அந்தப் பரிசோதனை எப்படி நடந்தது என்று கட்டடத்துக்கே தெரியும். டாக்டர் தரைத்தளத்தில் ஏறுவார். "கண்ணு எப்படி இருக்கு?" என்பார். "உங்க புண்ணியத்துல நல்லா இருக்கு சார்." லிஃப்ட் சுவரில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போடுவார். மூன்றாவது மாடி வருவதற்குள் பரிசோதனை முடிந்துவிடும்.

"பெரிய ஆஸ்பத்திரி சான்றிதழ் தெரியாதுன்னு சொல்லுது. அது ஒண்ணு. தெரியும்னு சொல்றது பதினொண்ணு" என்றார் மேடம்.

"எல்லாம் ஒரே டாக்டர் குடுத்தது மேடம்" என்றேன்.

"அதான் சொல்றேன். ஒரே ஆள் பதினோரு தடவை ஒரே மாதிரி சொல்லியிருக்காரு. இதைவிட உறுதி வேணுமா?"

டாக்டரைக் கேட்டால், ரசமட்டத்தைப்போல் கூர்மையான கண் இந்தக் கட்டடத்திலேயே இல்லை என்று சத்தியம் செய்கிறார். வேறென்ன செய்வார்? இல்லாவிட்டால் அவருடைய வேலை போய்விடும்.

அன்று மாலை படியில் அவர்களோடு இறங்கினேன். தளத்துக்குத் தளம் அந்த அம்மாள் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டார். நான் யோசனை சொன்னேன். "அண்ணே, தேதியை மாத்திடுவோம். லிஃப்டை எடுத்த மறுநாள் காலையில எழுந்தா கண் தெரியலைன்னு எழுதுவோம். வேலை பார்த்தப்ப கண் இருந்துச்சு, வேலை முடிஞ்சுது, கண்ணும் போச்சு. எந்த விதியும் இடிக்காது."

"அது மட்டும் வேணாம் சார்."

"ஏன்?"

"முப்பத்தோரு வருஷம் ஓட்டினேன். முதல் இருபது வருஷம் யாரு வேணா ஓட்டியிருப்பாங்க. கடைசிப் பதினொண்ணுதான் சார் நான் ஓட்டினது. ஒருத்தர் கால்கூட இடறல. படிப்பு இல்ல, புள்ளகுட்டி இல்ல. நான் செஞ்சேன்னு சொல்லிக்க அது ஒண்ணுதான். அதையும் உங்க ஃபைல்ல அழிக்கச் சொல்றீங்களா?"

"ஃபைல்ல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. நான் அங்க, நீங்க இங்கன்னு போயிடுமேங்க" என்றார் வீட்டம்மா. ரசமட்டம் தலையைத் திருப்பிக்கொண்டார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது வேறு என் கோபத்தைக் கிளறியது.

மேடம் கடைசியில் விசாரணைக் குழு ஒன்றைப் போட்டு ஒரு தேர்வு வைத்தார். கட்டடத்தின் பின்புறம் சாமான் ஏற்றும் சரக்கு லிஃப்ட் இன்னும் இருக்கிறது, அதே பழைய ரகம். குழு உறுப்பினர்களை ஏற்றிக்கொண்டு ரசமட்டம் அதை நாலாவது மாடிக்கு ஓட்ட வேண்டும். மட்டமாக நிறுத்தினால் கண் தெரிகிறது, தொகை கிடையாது. தப்பாக நிறுத்தினால் தெரியவில்லை, தொகை உண்டு. பதினோரு வருடம் மட்டமாக நிறுத்தியவர் கண் தெரியாதவர் என்பதுதானே அவருடைய வழக்கு என்று நான் இழுத்தேன். அதைத்தான் சோதிக்கப் போகிறோம் என்றார் மேடம். லிஃப்ட் பிரிவு எஞ்சினியர் இதில் தர்க்கம் இருக்கிறது என்றார்.

தேர்வு நாளில் வீட்டம்மா சரக்கு லிஃப்ட் வாசலில் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்கிற சாக்கில் சொன்னது எனக்குக் கேட்டது. "ஒரு சாண். ஒரே ஒரு சாண் தப்பா நிறுத்துங்க. வேற எதுவும் நான் உங்ககிட்ட கேட்டதில்ல."

உள்ளே மேடம், டாக்டர், எஞ்சினியர், குறிப்பெடுக்க நான். கதவை இழுத்துச் சாத்தினார். கைப்பிடியைத் தள்ளினார். காலடியில் முதல் தட்டல், இரண்டாவது, மூன்றாவது. நாலாவது தட்டல் வந்து மூச்சுக் கணக்கு முடிந்ததும் அவர் கை தானாக நடுவுக்கு வரப் பார்த்தது, அதை இன்னொரு கையால் பிடித்து நிறுத்திக்கொண்டார். என் கண்ணால் பார்த்தேன். லிஃப்ட் மாடித் தரையைத் தாண்டி ஒரு சாண் ஏறி நின்றது.

கதவைத் திறந்தார். "நாலாவது மாடி, பாத்து வாங்க" என்றார். அன்றைக்கு இரண்டு தடவை சொன்னார், குரல் உயர்த்தியே சொன்னார்.

மேடம் டாக்டரிடம் ஏதோ பேசிக்கொண்டே காலை வைத்தார். கீழே தரை இல்லை. அவர் விழுந்தார். அவரைப் பிடிக்கப்போன டாக்டர் விழுந்தார். எப்படி விழுந்தார்கள் என்று பார்க்கப்போன எஞ்சினியர் விழுந்தார். நான் குறிப்பேட்டில் 'லிஃப்ட் நின்றது' என்று எழுதிக்கொண்டே போய் மூன்று பேர் மேலும் விழுந்தேன். தேர்வு எதற்கு என்று தெரிந்தே ஏறியவர்கள் நாங்கள். முப்பத்தோரு வருடம் எங்களை அப்படிப் பழக்கிவிட்டிருந்தார்.

சத்தம் அடங்கியதும் ரசமட்டம் கதவோரம் கையை வைத்து, காலைச் சரியாக ஒரு சாண் இறக்கி, எங்களைச் சுற்றிக்கொண்டு வந்து, "மேடம், அடி பட்டுடுச்சா?" என்றார்.

தரையில் கிடந்தபடியே எஞ்சினியர் சொன்னதை நான் எழுதினேன். 'கண் தெரிந்த நால்வரும் இடறி விழுந்தோம். விண்ணப்பதாரர் ஒருவர் மட்டும் பள்ளத்தை அறிந்து இறங்கினார். எனவே அவருடைய பார்வை குழுவினரின் பார்வையைவிடச் சிறந்தது.' மேடத்துக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அலுவலகத்துக்கு அவர் கண் தெரிந்தவர், மைத்துனனுக்குக் கண் தெரியாதவர்.

நிராகரிப்புக் கடிதத்தை நான்தான் பின்தெருவுக்கு எடுத்துப் போனேன். அறையில் அந்த அம்மாளின் துணி ஒரு பையிலும் அவர் துணி இன்னொரு பையிலும் தனித்தனியாகக் கட்டி வைத்திருந்தது. கடிதத்தின் கீழே 'முழுவதும் படித்துப் பார்த்தேன்' என்று அச்சடித்திருக்கும், அங்கே அவர் கையெழுத்துப் போட வேண்டும். நானே படித்துக் காட்டினேன். உங்களுக்குக் கண் தெரிகிறது என்று அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்து, "எங்க சார் போடணும்?" என்றார். அவர் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து வருட வேலையில் முதல்முறையாக, யாரும் சொல்லாமல் நானே ஒரு வரி எழுதினேன். 'கையெழுத்திட வேண்டிய இடம் தெரியாததால் விண்ணப்பதாரரின் விரலை நான் பிடித்து வைத்தேன்.' கீழே என் கையெழுத்து.

மறுநாள் மேடம் கூப்பிட்டார். கட்டுப்போட்ட காலை ஒரு முக்காலிமேல் நீட்டியிருந்தார். மேஜைமேல் அந்தக் காகிதம்.

"இது என்ன?"

"நடந்தது மேடம்."

மேடம் அந்த வரியை இன்னொரு தடவை படித்தார். பிறகு, "நேத்து நான் என்ன கலர் போட்டிருந்தேன்?" என்று கேட்டார். யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. எதிரில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசியிருக்கிறேன்.

"என் வீட்டுக்காரருக்கும் தெரியல" என்றார். பேனாவை எடுத்தார்.

உண்மையான தேதியைப் போட முடியாது. போட்டால் டாக்டர் மாட்டுவார், எஞ்சினியர் மாட்டுவார், பதினோரு வருடம் எல்லோர் உயிரும் ஊசலாடியதாக ஆகிவிடும். ஆகையால் மேடம் இப்படி எழுதினார். சரக்கு லிஃப்டைத் தவறாக நிறுத்திய அதிர்ச்சியில், தேர்வு நாளன்று காலை பதினொன்றே காலுக்கு, குழுவினர் நால்வர் முன்னிலையில் விண்ணப்பதாரர் பார்வை இழந்தார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். உதவித்தொகை அனுமதிக்கப்பட்டது.

அன்று சாயங்காலமே ஓடினேன். படித்துக் காட்டியதும் வீட்டம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பிறகு எழுந்துபோய் இரண்டு பைகளின் முடிச்சையும் அவிழ்க்க ஆரம்பித்தார்.

ரசமட்டம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். "அப்ப அந்தப் பதினோரு வருஷம், சார்?"

"அந்தப் பதினோரு வருஷமும் உங்களுக்கு நல்லாக் கண் தெரிஞ்சுதுன்னு இருக்கு அண்ணே."

"அப்ப யாரு வேணா செய்யற வேலையத்தான் நானும் செஞ்சிருக்கேன்" என்றார்.

பையிலிருந்து எடுத்த சட்டைகளை அந்த அம்மாள் ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தார். ரசமட்டம் அந்தச் சத்தம் வரும் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கையை என் பக்கம் நீட்டினார், கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைக்கச் சொல்லி.